ஐந்து வாசல், எட்டுப் பேர், ஒரு கடிகாரம்: லண்டனில் 'மவுஸ்ட்ராப்' பார்த்தேன்

அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாடகம் 'மவுஸ்ட்ராப்'. கொலையாளி யார் என்று இதில் சொல்லப்போவதில்லை. தைரியமாகப் படிக்கலாம். நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் நடிகர்களில் ஒருவர் முன்னால் வந்து, ரகசியத்தை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது அங்கே பல வருட வழக்கம். அவர் அதைச் சொல்லும்போது என் பேத்தி திரும்பி என்னையே பார்த்தாள். "தாத்தா, இது உங்களுக்குத்தான்" என்றாள். டி.வி.யில் எந்தத் தொடர் ஓடினாலும் அடுத்த காட்சியை முன்கூட்டியே சொல்லி எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்கிறவன் நான். அவள் பார்த்ததில் தப்பில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் 22 வருடம் எஃபெக்ட்ஸ் பார்த்தவன். பகலில் பாங்க் வேலை, சாயங்காலம் சபா. மேடையில் ஒரு தடவைகூட முகம் காட்டியதில்லை. இடி, மழை, கதவு தட்டும் சத்தம், டெலிபோன் மணி, பிளாக் அவுட், இவைதான் என் இலாகா. ஒருமுறை கதாநாயகன் ரிசீவரை எடுத்து "ஹலோ" சொல்லி இரண்டு வரி பேசிய பிறகு மணியை அடித்துவிட்டேன். சபா முழுக்கச் சிரித்தது. அந்த ஆள் அதற்கப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆகவே ஒரு நாடகத்துக்குப் போனால் எனக்கு நடிப்பில் பாதிக் கண், மேடையோர மறைவான விங்ஸில் பாதிக் கண். இந்த விமர்சனமும் அப்படித்தான் இருக்கும்.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. பையன் அவசரத்தில் ஏதோ ஒரு மறுவிற்பனைத் தளத்தில் மூன்று சீட் போட்டான். பணம் கட்டும் பக்கம் வந்ததும் அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று ஏறி, நான்காவது டிக்கெட்டே வாங்கிவிடலாம் போல ஆனது. ரத்து செய்துவிட்டு நாடகத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்கினோம். நீங்களும் நேராக அங்கே போய்விடுங்கள். மேல்மாடி, மூன்றாவது வரிசை. மேலே உட்கார்ந்ததில் எனக்கு ஒரு லாபம்: மேடையின் தரை முழுவதும் தெரிந்தது. யார் எங்கிருந்து எங்கே நகர்கிறார்கள் என்று ஆடுபுலி ஆட்டக் கட்டம் மாதிரிப் பார்க்கலாம். இந்த நாடகத்துக்கு அது பொருத்தமும்கூட. எட்டுக் காய்களில் எது புலி என்பதுதானே கேள்வி.

லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷனில் இறங்கினால் வெஸ்ட் ஸ்ட்ரீட் நாலு நிமிட நடை. செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டர் 1916-ல் கட்டியது. உள்ளே மரப் பலகை அடித்த சுவர்கள், மொத்தமே சுமார் 550 இருக்கைகள். நம்ம ஊர் பெரிய சபா ஹாலை நினைத்துக்கொண்டு போனால் இது கையடக்கம். வரவேற்புக் கூடத்தில் இன்றைக்கு எத்தனையாவது காட்சி என்று காட்டும் ஒரு மரப்பலகை இருக்கிறது. நாங்கள் போன அன்று அந்த எண் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு சின்ன வரிசையே நின்றது. எங்கள் குழுவின் வெற்றி நாடகம் 61 காட்சி. அதற்கே விழா எடுத்து, எனக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள்.

அகதா கிறிஸ்டி இதை முதலில் ரேடியோவுக்காகத்தான் எழுதினார். 1947-ல் மேரி ராணியின் எண்பதாவது பிறந்த நாளுக்காக பி.பி.சி. ஒலிபரப்பிய அரை மணி நேர நாடகம், 'மூன்று குருட்டு எலிகள்' என்ற குழந்தைப் பாட்டின் பெயரில். மேடைக்கு வந்தபோது அதே பெயரில் வேறொரு நாடகம் முன்பே இருந்ததால் புதுப் பெயர் தேவைப்பட்டது. 'ஹாம்லெட்'டில் ராஜாவின் மனசாட்சியைப் பிடிக்க இளவரசன் போடும் நாடகத்துக்கு 'மவுஸ்ட்ராப்', அதாவது எலிப்பொறி, என்று பெயர் சொல்கிறான் அல்லவா, அதை எடுத்துக் கொடுத்தவர் கிறிஸ்டியின் மாப்பிள்ளை. 1952 நவம்பர் 25 அன்று லண்டனில், இதே தெருவில் பக்கத்துக் கட்டடமான அம்பாசடர்ஸ் தியேட்டரில் ஆரம்பம். எட்டு மாதம் ஓடினால் அதிகம் என்று கிறிஸ்டி நினைத்தார். தயாரிப்பாளர் பீட்டர் சாண்டர்ஸ் பதினான்கு மாதம் என்றார். இரண்டு பேர் கணக்கும் தப்பு.

1974 மார்ச்சில் பக்கத்துத் தியேட்டரிலிருந்து இங்கே மாறியபோதும் ஒரு காட்சிகூட விடுபடவில்லை. சனிக்கிழமை அங்கே, திங்கட்கிழமை இங்கே. செட்டைப் பிரித்து மாட்டிய பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், நடுவில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிருக்கும் என்று. ஓட்டத்தை நிறுத்தியது கொரோனா ஒன்றுதான். 2020 மார்ச் 16-ல் மூடி 2021 மே 17-ல் திறந்தார்கள்.

சரி, நாடகம். விளக்கு அணைகிறது. திரை விலகுவதற்கு முன்னால் முழு இருட்டில் சத்தம் மட்டும். எலிப் பாட்டின் மெட்டு, யாரோ விசிலடிப்பது, ஒரு பெண்ணின் அலறல், போலீஸ் விசில். பிறகு ரேடியோவில் ஒரு குரல், லண்டன் பேடிங்டனில் ஒரு பெண் கொலை, கறுப்பு ஓவர்கோட்டும் வெளிர் நிற மப்ளரும் தொப்பியும் அணிந்த ஒருவனைத் தேடுகிறார்கள் என்று செய்தி வாசிக்கிறது. அந்தக் குரல் டெரிக் கைலர் என்ற நடிகருடையது. அவர் 1999-ல் காலமாகிவிட்டார். பதிவு செய்த குரல் இன்னும் தினமும் அதே செய்தியை வாசித்துக்கொண்டிருக்கிறது. எஃபெக்ட்ஸ்காரனான எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது அங்கேதான். கொலைக்காக இல்லை, அந்த டேப்புக்காக.

விளக்கு வந்ததும் அறை தெரிகிறது. மாங்க்ஸ்வெல் மேனர் என்ற பழைய பெரிய வீட்டின் கூடம். கல்யாணமாகி ஒரு வருடமே ஆன மோலியும் கைல்ஸும் அதை விருந்தினர் விடுதியாக்கி அன்றைக்குத்தான் திறக்கிறார்கள். சமையல், பெருக்கல், கணப்புக்குக் கரி போடுவது எல்லாம் அவர்களேதான். நடு ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. வந்து சேர்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றுகிறார்கள். கறுப்புக் கோட்டு, வெளிர் மப்ளர், தொப்பி. ரேடியோ சொன்ன அடையாளம் வீட்டுக்காரர் உட்பட யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிறது. இதை யாரும் வசனமாகச் சொல்லி அழுத்துவதில்லை. என் மனைவிதான் காதோரம், "ஏங்க, எல்லாரும் ஒரே கடையில வாங்கினாங்களா?" என்றாள். அவளுக்கு ஆங்கிலம் வேகமாகப் பேசினால் பிடிபடாது. அதனால் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எங்கள் மூவரில் அதிகம் கவனித்தவள் அவள்தான்.

எனக்குக் கண் நிலைகுத்தியது வாசல்களில். எண்ணினேன். வலது பக்கம் பெரிய வளைவு, அது வெளி வாசலுக்கும் சமையலறைக்கும் போகிறது. இடது பக்க வளைவில் மாடிப்படி. படிகளை ஒட்டி லைப்ரரி கதவு. முன்னால் இடது பக்கம் டிராயிங் ரூம், வலது பக்கம் டைனிங் ரூம். ஆக ஐந்து. போதாததற்கு நடுவில் ஆள் நுழையக்கூடிய ஜன்னல். ஒருவர் லைப்ரரிக்குப் போகிறேன் என்று போவார், இரண்டு நிமிடம் கழித்து வேறு வழியில் வருவார். அதற்குள் அவர் எங்கே இருந்தார் என்று நமக்குத் தெரியாது. துப்பறியும் நாவலில் எழுத்தாளர் ஒரு ஆளை மறைக்க வேண்டுமானால் அவரைப் பற்றி எழுதாமல் விட்டால் போதும். மேடையில் ஆள் கண்ணெதிரே நிற்பார், அவரைக் கதவு வழியாகத்தான் மறைக்க முடியும். கிறிஸ்டிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்த நாடகத்தில் வசனத்தைவிட என்ட்ரி, எக்ஸிட்தான் கதை சொல்கிறது. பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

பனியில் சாலை அடைபட்டுப் போய்விட, பனிச்சறுக்குக் கட்டைகளோடு ட்ராட்டர் என்ற இளம் போலீஸ் சார்ஜென்ட் வந்து சேர்கிறார். லண்டன் கொலைக்கும் இந்த வீட்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்கிறார். சற்று நேரத்தில் டெலிபோன் செத்துவிடுகிறது. அடிக்காத டெலிபோனை வைத்து இவ்வளவு பயம் கிளப்பலாம் என்று அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்திருந்தால், அந்த மணி விவகாரமே வந்திருக்காது.

முதல் பகுதி முடியும் இடத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. யார் என்று சொல்லாமல் எப்படி என்று மட்டும் சொல்கிறேன். கூடத்தில் ஒருவர் தனியாக இருக்கிறார். ரேடியோ ஓடுகிறது. கதவு திறக்கிறது. உள்ளே வருகிறவரை அந்த ஆள் பார்க்கிறார், நமக்குத் தெரிவதில்லை. ரேடியோவின் சத்தம் ஏறுகிறது. விளக்கு அணைகிறது. சத்தத்தைச் சத்தத்தால் மூடுவது எங்கள் தொழிலில் பாலபாடம்: மேடையில் ஏதாவது இழுக்கும் சத்தம் கேட்டுவிடும் என்றால் இடியைப் போடு. இங்கே அதைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து வரும் எஃபெக்ட் இல்லை, கொலையாளியின் தேவையே அது. இருட்டு எவ்வளவு நேரம் என்று பழக்க தோஷத்தில் எண்ணினேன். பத்துக்குள்தான். பிளாக் அவுட் ஒரு விநாடி கூடினால் சபையில் இருமல் ஆரம்பிக்கும், குறைந்தால் நடிகர் இடம் சேர்ந்திருக்க மாட்டார். அன்று அரங்கில் ஒரு இருமல் இல்லை.

இடைவேளையில் அந்த ஊர் தியேட்டர் வழக்கப்படி சின்ன டப்பாவில் ஐஸ்கிரீம், மூடிக்குள்ளேயே ஒரு குட்டிக் கரண்டி. பேத்தி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மூன்றாகக் கிழித்தாள். ஆளுக்கு ஒரு பெயர் எழுத வேண்டும், அடுத்தவர் பார்க்கக் கூடாது. நான் எழுத்தாளர் புத்தியை ஊகித்து, "இவர் மேல் சந்தேகமே வராத மாதிரி வைத்திருக்கிறார்கள், அதனால் இவர்" என்று எழுதினேன். மனைவிக்குப் பெயர்கள் நினைவில்லை. "அந்த நடக்கிற விதம் சரியில்லாத ஆள்" என்று தமிழில் எழுதினாள். பேத்தி என்ன எழுதினாள் என்று அப்போது தெரியாது.

இரண்டாம் பகுதியில் எனக்குப் பிடித்தது கொலை விசாரணை இல்லை. மோலியும் கைல்ஸும். கல்யாணத்துக்கு முன்னால் இவன் யார், இவள் யார் என்று ஒருவருக்கொருவர் அதிகம் தெரியாது. போருக்குப் பிந்தைய காலம், யாருக்கும் பழைய முகவரி நிலையாக இல்லை. ஒரு கையுறைக்குள் இருந்து ஒரு லண்டன் பஸ் டிக்கெட் விழுகிறது. ஒரு கோட்டுப் பையில் ஒரு லண்டன் செய்தித்தாள். நேற்று நீ எங்கே போனாய் என்று இருவரும் கேட்க ஆரம்பிக்கிறார்கள். கத்தலே இல்லை. அந்த பஸ் டிக்கெட்டைக் கைல்ஸ் இரண்டு விரலால் பிடித்திருந்தது மேல்மாடிக்குக்கூடத் தெரிந்தது. மனைவி மெதுவாக, "நமக்குக் கல்யாணமாகி 41 வருஷம் ஆச்சு. நாடகம்னு சொல்லிட்டு நீங்க நிஜமாவே நாடகத்துக்குத்தான் போனீங்களான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல" என்றாள். முன் வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

குறைகள் இல்லாமல் இல்லை. இன்றைக்கு வருகிற திரில்லர்களில் ஊறியவர்களுக்கு முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் போகும். ஒவ்வொருவராக வந்து கோட்டைக் கழற்றி, குளிரைப் பற்றிப் பேசி, அறை எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் பக்கத்து வரிசையில் ஒரு பையன் நெளிய ஆரம்பித்துவிட்டான். பரவிச்சினி என்று ஒரு பாத்திரம். பனியில் கார் கவிழ்ந்துவிட்டது என்று அழைக்காமல் வந்து நிற்கிறார். வெளிநாட்டுக்காரர் என்றாலே முகப்பூச்சோடு, விஷமச் சிரிப்போடுதான் இருப்பார் என்ற பழைய வாய்பாடு. சிரிக்கலாம், ஆனால் எழுதியதன் வயது தெரிகிறது. தற்செயல்களும் கொஞ்சம் அதிகம். இத்தனை பேருக்கும் ஒரே பழைய சங்கதியோடு தொடர்பு இருந்து, எல்லோரும் அதே நாளில் அதே வீட்டுக்கு வருவார்களாம். பார்க்கும்போது உறுத்தவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் ஒவ்வொன்றாக உறுத்தியது.

எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் வேறு. கதையின் வேர், ஒரு பண்ணை வீட்டில் வளர்ப்புக்கு விடப்பட்ட குழந்தைகள் பட்ட கொடுமை. இது வெறும் கற்பனை இல்லை. 1945-ல் ஷ்ராப்ஷயர் பண்ணை ஒன்றில் வளர்ப்புக்கு விடப்பட்ட டென்னிஸ் ஓ'நீல் என்ற 12 வயதுப் பையன் அடியும் பட்டினியுமாக இறந்துபோன வழக்கு பிரிட்டனையே உலுக்கியது. குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் 1948-ல் வந்ததற்கு அந்த விசாரணையும் ஒரு காரணம். கிறிஸ்டி எடுத்துக்கொண்டது அந்த நிழலைத்தான். 1952-ல் பார்க்க வந்தவர்களுக்குப் பண்ணை என்ற சொல் வந்ததுமே வயிறு கலங்கியிருக்கும். இன்றைக்கு அது ஒரு துப்பு, அவ்வளவுதான். நாடகமும் அதன் மேல் நின்று நிதானிக்காமல் வேகமாக அடுத்த சந்தேகத்துக்குத் தாவிவிடுகிறது. அங்கே இரண்டு நிமிடம் கூட நின்றிருந்தால் கடைசிக் காட்சிக்கு இன்னும் கனம் வந்திருக்கும்.

காலம் ஏறியிருப்பதும் ஒரு விதத்தில் ருசிதான். நாடகம் தொடங்கியபோது அங்கே சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் இன்னும் ரேஷன். தொடங்கிப் பத்தாவது நாள் லண்டனை அந்தப் பெரும் புகைமூட்டம் கவிந்து ஐந்து நாள் திணறடித்தது. அந்த வாரம் வெளியே கை நீட்டினால் கை தெரியாமல் வந்து உட்கார்ந்து, உள்ளே பனியில் மாட்டிக்கொண்ட எட்டுப் பேரைப் பார்த்தவர்களை நினைத்துக்கொண்டேன். கணப்பின் மேல் ஒரு கடிகாரம் இருக்கிறது. முதல் நாளிலிருந்து மேடையில் இருக்கும் பொருள் அது ஒன்றுதான். செட், சோபா, திரைச்சீலை, நடிகர்கள் எல்லாம் மாறிவிட்டார்கள். எங்கள் ப்ராப்பர்ட்டி பெட்டியில் எட்டாவது காட்சிக்குள் இரண்டு கடிகாரம் உடைந்தது.

நடிகர்களில் முதல் சார்ஜென்ட் ட்ராட்டர் ரிச்சர்ட் அட்டன்பரோ, மோலி அவருடைய மனைவி ஷீலா சிம். இருவரும் லாபத்தில் பத்து சதவீதம் பங்கு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பங்கின் கடைசி மிச்சத்தை விற்றுத்தான் பின்னால், தான் இயக்கிய 'காந்தி' படம் நடுவில் நின்றுவிடாமல் காப்பாற்றினார் அட்டன்பரோ. 1982-ல் நான் வரிசையில் நின்று பார்த்த படத்தில் இந்த எலிப்பொறியின் காசும் இருந்திருக்கிறது. ஆனால் நிகழ்ச்சிப் புத்தகம் வாங்கிப் படித்ததில் என் மனம் நின்றது இன்னொருவரிடம். நான்சி சீப்ரூக் என்ற நடிகை, மிஸஸ் பாயில் பாத்திரத்துக்கு மாற்று நடிகையாக 15 வருடம், 6,240 காட்சிகளுக்குத் தயாராக இருந்தார். மேடையேறியது 72 தடவை. மற்ற நாளெல்லாம் உள்ளே காத்திருந்தார். விங்ஸில் நின்று பழகியவன் என்பதால் அந்த எண்ணை இரண்டு முறை படித்தேன்.

யார் போகலாம்? துப்பறியும் கதையில் புதிய திருப்பம் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் வரலாம். இங்கே போடப்பட்ட முடிச்சுகளைப் பின்னால் வந்த எத்தனையோ பேர் எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள். நாடகம் போடுகிறவர்கள், எழுத நினைப்பவர்கள் அவசியம் போக வேண்டும். ஒரே செட், எட்டுப் பேர், ஐந்து வாசல், ஒரு ரேடியோ, ஒரு டெலிபோன். இதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இடைவேளையோடு சேர்த்து இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், ரத்தமெல்லாம் காட்டுவதில்லை. ஆங்கிலம் தடுக்கும் என்று வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சினிமா வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க வேண்டாம். லண்டன் ஓட்டம் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் படம் எடுக்கலாம் என்று 1950களிலேயே ஒப்பந்தம். ஓட்டம் முடிந்தால்தானே. இதே கதையைச் சிறுகதையாகவும் கிறிஸ்டி எழுதியிருக்கிறார், ஆனால் நாடகம் ஓடும் வரை பிரிட்டனில் புத்தகமாக வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டுவிட்டார்.

வெளியே வந்ததும் மூன்று சீட்டுகளையும் தெரு விளக்கடியில் பிரித்தோம். மூன்று பேரும் மூன்று ஆளை எழுதியிருந்தோம். ஒருவர் சரி. அவர் வீடு வரை தலை நிமிர்த்தி நடந்தார், மற்ற இருவரும் பேசவில்லை.

கதவைத் திறந்த பையன் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் என்னைத்தான் பிடித்தான். வழக்கமாக உளறுகிறவன் நான்தானே. "யாருப்பா?" என்றான். பேத்தி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி அவனைப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.